ஆறாம் பந்தி

உவர்மலை, திருகோணமலை
05.02.2024

திரு. இ. கிருஷாந்த் அவர்களுக்கு,

நான் கஜந்தி, இராசதுரையின் மகள். போன கிழமை செத்தவீட்டில் நீங்கள் கேற்றடியில் நின்றதைக் கண்டேன். கிட்ட வந்து கதைக்கவில்லை. உங்கள் தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் எடுத்திருப்பேனோ தெரியாது. எழுதுவது இலகுவாக இருக்கிறது.

விடயத்துக்கு வருகிறேன். இம்மாதம் 29ஆம் திகதி அப்பாவின் முப்பத்தோராம் நாள். அன்று வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு அவருடைய நினைவாக ஒரு கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறோம். படம், தேவாரம், நன்றி நவிலலோடு அவருடைய வாழ்க்கை வரலாறும் இரண்டு பக்கம் வரும். அச்சகம் ஜெமீல் நானாவுடையது. இருபதாம் திகதிக்குப் பிறகு தந்தால் தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டார்.

வரலாற்றில் ஐந்து பந்திகள் எழுதிவிட்டேன். பிறப்பு, படிப்பு, துறைமுகத்தில் படகோட்டியாகச் சேர்ந்தது, அம்மா பாக்கியரத்தினத்தைக் கலியாணம் முடித்தது, நான் பிறந்து வளர்ந்த சண்டைக் காலம். ஆறாம் பந்தி 2009க்குப் பிந்தியது. அந்தக் காலத்தில் அவர் கப்பல்துறையில் உங்களோடும் உங்கள் அம்மாவோடும் இருந்தார் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் என்ன செய்தார், எப்படி இருந்தார், எப்போது சுகமில்லாமல் போனார் என்பதை நீங்கள் எழுதி அனுப்பவேண்டும்.

ஒரு வேண்டுகோள். நான் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளர். ஒரு பந்தியில் ஒரு விடயம்தான் இருக்கவேண்டும், அது என்ன விடயம் என்பது முதல் வசனத்திலேயே தெரியவேண்டும், மிச்ச வசனங்கள் அதைவிட்டு விலகக்கூடாது. எங்கள் பகுதியில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான். நீங்களும் அப்படி எழுதினால் எனக்கு வேலை குறையும்.

அபூதாஹிருடைய பேக்கரி வான் தினமும் கப்பல்துறைச் சந்திக் கடைக்குப் பாண் போடுகிறது. பதிலை அவரிடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கஜந்தி


கப்பல்துறை
08.02.2024

மதிப்புக்குரிய கஜந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது, அபூதாஹிர் நானா பாண் சுற்றுகிற கடதாசிக்குள் வைத்துத் தந்தவர், நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றனான், எனக்குத் தொலைபேசிக் கோபுரங்களில் வேலை, ஒரு நாள் கிண்ணியா ஒரு நாள் மூதூர் என்று அலைச்சல், அதனால்தான் பதில் சுணங்கிவிட்டது. அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அவர் இங்கே வந்தபிறகு முதலில் கூரையை மாற்றினார், பிறகு பென்சன் எடுத்தார், பிறகு வளவில் கத்தரி வைத்தார், யானை வந்து உழக்கிவிட்டது, அதற்குப் பிறகு கத்தரி வைக்கவில்லை, ஆனால் யானையைத் திட்டினதுமில்லை, அது தன்ர வழியில போகுது என்பார், வானொலியில் செய்தி கேட்காமல் சாப்பிடமாட்டார், செய்தி முடிந்ததும் எல்லாம் பொய் என்பார், அடுத்த நாளும் கேட்பார். அம்மா அவருக்கு உப்பில்லாமல் சமைத்தால் சண்டை. வருத்தம் வந்ததுக்குப் பிறகு கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், செவ்வாயும் வெள்ளியும், இரத்தம் சுத்தப்படுத்துகிற மெசினுக்கு, மோட்டார் சைக்கிளில் பின்னால் இருத்தி மெல்ல மெல்ல ஓடி, மழையென்றாலும் விட்டதில்லை, கடைசிச் செவ்வாயும் அப்படித்தான் போனது. நான் கிண்ணியாவில் கோபுரத்துக்கு மேலே நிற்கும்போது தொலைபேசியில் கோல் வந்தது, இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, கை நடுங்கினால் இறங்கக்கூடாது என்பது எங்களுக்குச் சட்டம், நான் நடுக்கம் நிற்கும்வரைக்கும் மேலேயே இருந்தனான். நான் வருவதற்குள் உங்கள் ஆட்கள் உடலை உவர்மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் அவருடைய ஒரே மகன். கேற்றடியில் நின்றதைக் கண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் அங்கே விருப்பப்பட்டு நின்றதில்லை, குலசிங்கம் என்பவர், உங்கள் அம்மாவின் தம்பி என்று நினைக்கிறேன், அவர்தான் தம்பி இதில நில்லும் என்றவர், பிறகு அவருடைய மகன் கொள்ளிக்குடம் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றனான். அவருக்குப் பிடித்த சாப்பாடு சூடை மீன் சொதி. படம் ஏதும் வேண்டுமென்றால் இருக்கிறது, மோட்டார் சைக்கிளோடு நிற்கிற படம்.

இப்படிக்கு,
இ. கிருஷாந்த்


உவர்மலை
11.02.2024

கிருஷாந்த் அவர்களுக்கு,

கடிதத்துக்கு நன்றி. அதில் கூரை, தோட்டம், வானொலி, நோய், மரணச் செய்தி, செத்தவீடு, சாப்பாடு எல்லாம் ஒரே பந்தியில் கிடந்தன. நான் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்தேன். பிரித்த பிறகுதான் விளங்கியது. ஒன்றோடொன்று சேராத வசனங்களைக் காற்புள்ளி போட்டுப் பிணைத்தால் வாசிக்கிறவர் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நிற்பார்.

யானை, வானொலி இரண்டும் கல்வெட்டுக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டேன். மிச்சத்தை வைத்து எழுதிய ஆறாம் பந்தி இது:

“தொழில் நிமித்தம் பின்னாளில் கப்பல்துறையில் வசித்து வந்த அமரர், ஓய்வுபெற்ற பின் சுகவீனமுற்றிருந்த காலத்தில் கிரமமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லப்பட்டதோடு, நல்லம்மா என்பவரால் பராமரிக்கப்பட்டும் வந்தார். மேலும், சகலரோடும் அன்பாகப் பழகிய அவர், கடந்த 30.01.2024 அன்று திருகோணமலையில் இறைவனடி சேர்ந்தார்.”

பிழை இருந்தால் சொல்லுங்கள். படம் வேண்டாம், இங்கே இருக்கிறது.

கொள்ளி பற்றி எழுதியிருந்தீர்கள். அது வேறு விடயம். இந்தக் கடிதத்தில் அதைச் சேர்க்க விரும்பவில்லை.

இப்படிக்கு,
கஜந்தி


கப்பல்துறை
13.02.2024

கஜந்தி அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி பந்தி பிரித்து எழுதுகிறேன்.

உங்கள் ஆறாம் பந்தியில் இருக்கிற ஒரு விடயம் எது? நான்கு தரம் வாசித்தேன். எனக்குப் பிடிபடவில்லை. “அழைத்துச் செல்லப்பட்டார்” என்றால் ஆர் அழைத்துச் சென்றது? “மேலும்” என்று ஒரு சொல்லைப் போட்டு, ஆஸ்பத்திரியில் இருந்து அன்புக்குத் தாவி, அன்பில் இருந்து மரணத்துக்குத் தாவியிருக்கிறீர்கள். நான் காற்புள்ளி போட்டால் பிழை, நீங்கள் “மேலும்” போட்டால் சரியா?

அப்பா தொழிலுக்காகக் கப்பல்துறைக்கு வரவில்லை. அவருடைய தொழில் துறைமுகத்தில். உவர்மலையில் இருந்து துறைமுகத்துக்குச் சைக்கிளிலேயே போகலாம். தொழிலுக்காகத் தொழிலை விட்டு இவ்வளவு தூரம் ஆரும் குடிவருவார்களா? வாசிக்கிற சனம் சிரிக்கும்.

அடுத்தது பெரிய பிழை. அது என்னுடைய பிழை என்று இப்போது விளங்குகிறது, ஏனென்றால் நான் எழுதிய வசனத்தில் ஆர் ஆரை என்று போடவில்லை. வருத்தம் அப்பாவுக்கு இல்லை. அம்மாவுக்கு. அம்மாவுக்குத்தான் ஆறு வருசமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. அம்மாவைப் பின்னால் இருத்தி மோட்டார் சைக்கிள் ஓடினது அப்பா. அம்மா மெசினில் இருக்கும்போது அவர் வெளியே மர வாங்கில் குந்தியிருப்பார். கடைசிச் செவ்வாய் அந்த வாங்கிலேயே சரிந்துவிட்டார். அம்மா உள்ளே குழாயோடு கிடந்தவ. எழும்பி வர ஏலாது. நேர்ஸ் வந்து சொல்லித்தான் அவவுக்குத் தெரியும்.

நான் உங்கள் பந்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ சொன்னது: “என்ர பேர் வேண்டாம். சபையில அடிச்சுக் குடுக்கிற புத்தகத்தில எனக்கென்ன வேலை. ஆனா நான் அவரைப் பராமரிச்சன் எண்டு மட்டும் போடவேண்டாம் எண்டு சொல்லு. அவர்தான் என்னைப் பாத்தவர். எனக்கு அந்தப் புண்ணியம் வேண்டாம்.”

அம்மா பெயர் வேண்டாம் என்று சொன்னாலும் எனக்கு ஒன்று சொல்லவேண்டும். “நல்லம்மா என்பவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். பொலிஸ் முறைப்பாட்டில்தான் அப்படி எழுதுவார்கள்.

கிருஷாந்த்


உவர்மலை
16.02.2024

கிருஷாந்த்,

உடனே பதில் எழுத எனக்கு ஏலாமல் போய்விட்டது. மூன்று தரம் தொடங்கிக் கிழித்தேன்.

அப்பா வாங்கில் சரிந்தது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்து எங்களுக்கு அறிவித்தபோது, அவர் வருத்தமாகி அங்கே சேர்க்கப்பட்டிருந்தார் என்றுதான் நினைத்தோம். அவருடைய பழைய அடையாள அட்டையில் இந்த வீட்டு விலாசம் இருந்தபடியால்தான் முதலில் இங்கே வந்தது. உங்கள் அம்மா உள்ளே இருந்தா என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை. அன்றைக்கு நாங்கள் அவரை ஏற்றிக்கொண்டு வெளிக்கிடும்போது அவ அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்திருக்கிறா.

“தொழில் நிமித்தம்” பற்றி. உங்கள் கேள்வி சரி. நான் விளங்காமல் அப்படி எழுதவில்லை. விளங்கியதை எழுத விரும்பாமல் எழுதினேன். என்னிடம் வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்லாத ஒன்றை இந்தப் பந்தி எனக்குக் காட்டிவிட்டது. எழுதுகிறவருக்குச் சொல்லத் துணிவில்லாத இடத்தில்தான் செய்தவர் இல்லாத வசனமும் “மேலும்” என்ற சொல்லும் வந்து உட்காருகின்றன.

நேற்றுப் பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அம்மா குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. கையில் உங்கள் கடிதம் இல்லை, என்னுடைய ஆறாம் பந்தி. மேசையில் விட்டுப் போயிருந்தேன்.

“இதை ஆர் எழுதினது?” என்று கேட்டா.

“நான்தான்.”

“தொழில் நிமித்தமோ?”

“நீங்கள்தானே அம்மா எல்லாருக்கும் அப்பிடிச் சொன்னனீங்கள்.”

“ஓம், சொன்னனான். மீன்காரனுக்கும் கோயில் ஐயருக்கும் சொல்லுற கதை வேற. வாயால சொன்னது காத்தோட போயிடும். அடிச்சுக் குடுத்தா நிண்டிடும். அந்த மனிசன் என்னை விட்டிட்டுப் போனது. நான் தனிய நிண்டு உன்ர கலியாணத்தைச் செய்தனான். கூரையில ஓடு மாத்தினனான். மதில் கட்டினனான். ‘தொழில் நிமித்தம்’ எண்டு போட்டா நான் செய்தது ஒண்டும் நடக்கேல்லை எண்டெல்லோ ஆகுது?”

அந்த நேரம் பார்த்துக் குலசிங்கம் மாமா வந்தார். விசயம் கேள்விப்பட்டதும் கொதித்துவிட்டார். “செத்த மனிசனில குறை எழுதுறதோ? சனம் என்ன கதைக்கும்?” என்றார்.

அம்மா சொன்னா: “சனத்துக்குத் தெரியாததோ, தம்பி? தெரியாத மாதிரி இருந்தது நாங்கள் மட்டுந்தான்.”

மாமா தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

உம்முடைய முதல் கடிதத்தை நேற்று இரவு கோடு போடாமல் திரும்ப வாசித்தேன். கோபுரத்தில் நடுக்கம் நிற்கும்வரை இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர். போன தரம் நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். நீர் அதைத் தனியாக ஒரு பந்தியில் எழுதியிருந்தால் நான் அதில் நின்றிருப்பேன். ஆனால் அப்படி எழுதுகிற நிலைமையில் நீர் இருந்திருக்கமாட்டீர் என்பதும் விளங்குகிறது.

ஒன்று கேட்கிறேன். ஆறாம் பந்தியை நீரே எழுதும். அம்மா சொல்கிற அந்த வசனம், அதாவது அவர் எங்களை விட்டுப் போனார் என்பது, அதில் இருக்கவேண்டும். அதை எழுத உமக்கு ஏலுமா?

கஜந்தி


கப்பல்துறை
18.02.2024

கஜந்தி அக்காவுக்கு,

எழுதிப் பார்த்தேன். முதல் வசனத்தைத் தாண்ட ஒரு நாள் போய்விட்டது.

நான் முதலில் எழுதினது: “2009ஆம் ஆண்டு இராசதுரை உவர்மலை வீட்டை விட்டுக் கப்பல்துறைக்கு வந்தார்.” எழுதிவிட்டுப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு அவர் வரவில்லை, போனார். சரியென்று “போனார்” என்று மாற்றினேன். மாற்றினவுடன் எனக்கு வாசிக்க ஏலவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. அதற்கு முதல் மாதத்தில் இரண்டொரு நாள்தான் வருவார், விடியமுதல் போய்விடுவார். அந்த வருசம்தான் பெட்டியோடு வந்து, பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்தார். நான் பள்ளிக்கூடத்தால் ஓடி ஓடி வந்து பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். எனக்கு அது வந்ததுதான். அதைப் போனார் என்று எப்படி எழுதுவது?

“குடியேறினார்” என்று போட்டுப் பார்த்தேன். அது ஏதோ அரசாங்கம் காணி கொடுத்தமாதிரி இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். “விட்டிட்டுப் போனவர் எண்டு போடச் சொல்லினம், உங்களுக்கு என்னமாதிரி?” என்றேன். அவ ஒரு கையால் மற்றக் கையைத் தடவிவிட்டா. ஊசி குத்தினபடியால் அந்தக் கை எப்பவும் வீங்கித்தான் இருக்கும். பிறகு, “அது உண்மைதானே. அவர் இஞ்ச வந்தாரெண்டா அங்க இல்லாமல் போனாரெண்டுதானே அர்த்தம்” என்றா.

ஏன் வந்தார் என்று ஒரு வசனம் எழுதலாமென்று யோசித்தேன். எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் சரியாகத் தெரியாதாம். அவர் சொன்னதில்லை. தெரியாததை எழுதவேண்டாம் என்று விட்டுவிட்டேன். இதோடு எழுதினதை வைத்திருக்கிறேன். முதல் வசனம் வெறுமையாக இருக்கிறது, நீங்கள் நிரப்புங்கள். மிச்சம் சரியாக இருக்குமென்று நினைக்கிறேன்.

கிருஷாந்த்


உவர்மலை
19.02.2024

தம்பி கிருஷாந்த்,

நீர் வெறுமையாக விட்ட வசனத்தோடு நானும் மல்லுக்கட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கச்சேரி கன்ரீனில் இருக்கும்போதுதான் தெரிந்தது. அந்த வசனத்துக்கு வினைச்சொல் கிடைக்காதது அது ஒரு வசனம் இல்லாததால்தான். போனது ஒரு விடயம். வந்தது வேறொரு விடயம். இரண்டையும் ஒரே பந்திக்குள் அடைக்கப் பார்த்தோம். ஆறாம் பந்தி என்று நான் எண்ணிக்கை குறித்து வைத்திருந்தபடியால் ஏழாவது ஒன்று வரலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது இப்படி இருக்கிறது. உம்முடைய வசனங்களை இடம் மாற்றியிருக்கிறேன், சொல் மாற்றவில்லை.

“2009ஆம் ஆண்டு இராசதுரை உவர்மலை வீட்டை விட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டை மனைவி பாக்கியரத்தினம் தனியாக நடத்தினார். மகள் கஜந்தியின் திருமணத்தை அவரே நிச்சயித்து, அவரே செய்துவைத்தார். திருமணத்துக்கு இராசதுரை வந்து, பின்வரிசையில் இருந்து, வாழ்த்திவிட்டுப் போனார்.

“கப்பல்துறையில் இராசதுரை நல்லம்மாவோடும் மகன் கிருஷாந்தோடும் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். நல்லம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, செவ்வாயும் வெள்ளியும் அவரை மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றார். சிகிச்சை முடியும்வரை வெளியே வாங்கில் காத்திருந்து திரும்ப ஏற்றிவந்தார். 30.01.2024 செவ்வாய்க்கிழமை, அந்த வாங்கில் காத்திருந்தபோது காலமானார்.”

திருமணத்தைப் பற்றிய கடைசி வசனம் அம்மா சேர்க்கச் சொன்னது. “வாழ்த்திவிட்டு” என்பது வேண்டுமா என்று கேட்டேன். “ஓம், வாழ்த்தினவர். நான் கண்டனான். அதையும் மறைக்கக்கூடாது” என்றா. உங்கள் அம்மாவின் பெயரைப் போடுவதா விடுவதா என்றும் கேட்டேன். பெயர் இல்லாவிட்டால் இரண்டாவது பந்தி நிற்காது, எழுவாயில்லாமல் வசனம் எழுதி ஒரு தரம் பட்டது போதும் என்றேன். அம்மா, “போடு” என்றா. ஆனபடியால், நல்லம்மா அவர்களிடம் நீர் ஒருக்கால் திரும்பக் கேட்டுப் பாரும். வேண்டாமென்றால் எனக்கு நாளை மத்தியானத்துக்குள் தெரியவேண்டும். இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இப்போது அந்த வேறு விடயம். போன தரம் எழுத விரும்பவில்லை என்று சொன்னது பந்தி ஒழுங்குக்காக அல்ல. அதை எழுத வெட்கப்பட்டேன். கொள்ளி வைத்தது வைத்ததுதான், அதைத் திருப்ப ஏலாது. முப்பத்தோராம் நாள் கிரியையில் நீர் இருக்கவேண்டும் என்று அம்மா மாமாவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறா. நீர் வேட்டி கட்டிக்கொண்டு ஏழு மணிக்கே வாரும். கேற்றடியில் நிற்கவேண்டாம்.

கஜந்தி அக்கா


கப்பல்துறை
03.03.2024

அக்கா,

அன்றைக்கு உங்களோடு நின்று கதைக்க நேரம் கிடைக்கவில்லை. சனம் கூட. அதனால் எழுதுகிறேன்.

கிரியையில் இருந்ததைப் பற்றி ஒன்று மட்டும். ஐயர், “ஆர் செய்யிறது?” என்று கேட்டபோது குலசிங்கம் மாமா என் முகத்தைப் பார்க்காமலே கையால் என்னைக் காட்டினார். பிறகு தர்ப்பையை விரலில் போடத் தெரியாமல் நான் தடுமாற, தானே குனிந்து போட்டுவிட்டார். அப்போதும் பார்க்கவில்லை. எனக்கு அது போதும்.

அம்மா வராததற்குக் காரணம் களைப்பு இல்லை. சபையில் ஆரும் தன்னைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மாவைப் பார்ப்பார்கள், அது அவவுக்கு மரியாதையில்லை என்று சொன்னவ. நீங்கள் கேட்டபோது களைப்பு என்றுதான் சொன்னேன். இப்போது சரியாகச் சொல்கிறேன்.

பெயரைப் போடலாம் என்று கடைசியில் ஓம்பட்ட அம்மாவிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் இருந்து வாசித்தா. ஆறாம் பந்தியில் நின்று திரும்ப ஒருக்கால் வாசித்தா. “பாவம், அந்த மனிசி தனியவே மதில் கட்டினது?” என்றா. மதில் புத்தகத்தில் இல்லை, நான்தான் அவவுக்குச் சொல்லியிருந்தேன். ஏழாம் பந்தியை வாசித்துவிட்டு என்னோடு சண்டை. “நெடுகப் புறுபுறுத்துக்கொண்டுதானே ஏத்திக்கொண்டு போறவர். இவ்வளவு லேற்றா வெளிக்கிடுறியே, ரோட்டைப் பார், லொறியைப் பார் எண்டு. அதை ஏன் விட்டனீ? இதில பாத்தா ஏதோ சாமி மாதிரிக் கிடக்கு.” நான் இடமில்லை என்றேன். “ஒரு வசனத்துக்கு இடமில்லையோ?” என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் தலைகாணிக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தா. அன்றைக்குத்தான் அழுதவ. நான் வெளியே போய் நின்றனான்.

எனக்கு லீவு முடிகிறது. வருகிற கிழமையில் இருந்து மூதூரில் நிரந்தரமாகப் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நான் வந்து அம்மாவை ஏற்றிப் போவேன். செவ்வாய்க்கு ஒழுங்கு இல்லை. போகும்போது அபூதாஹிர் நானா வானில் இறக்கிவிடுகிறேன் என்றிருக்கிறார். திரும்பி பஸ்ஸில்தான் வரவேண்டும். மெசினால் இறங்கினால் அவவுக்குத் தலை சுற்றும், ஆனால் சமாளிப்பா என்று நினைக்கிறேன். இதை உங்களிடம் ஏதும் கேட்பதற்காக எழுதவில்லை. இனி எப்படிச் சமாளிக்கப்போகிறோம் என்று அன்றைக்கு நீங்கள் கேட்டிருந்தீர்கள்.

கிருஷாந்த்


உவர்மலை
06.03.2024

தம்பி,

உம்முடைய கடிதத்தை அம்மா வாங்கி வாசித்தா. நான் கொடுக்கவில்லை, தானே எடுத்தா. புறுபுறுத்த கதையை வாசித்துவிட்டுச் சிரித்தா. “அது அந்த ஆள்தான்” என்றா. இந்த வீட்டில் அவரைப் பற்றி அப்படி ஒரு சிரிப்பை நான் இவ்வளவு காலமும் கேட்டதில்லை.

பிறகு செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொன்னதை அவ சொன்னமாதிரியே எழுதுகிறேன், நான் அதில் கை வைக்கவில்லை:

“ஆசுப்பத்திரியால வந்து அந்த வெயிலுக்க பஸ்ஸுக்கு நிக்கவேண்டாம் எண்டு சொல்லு. ஓட்டோ பிடிச்சா இஞ்ச அஞ்சு நிமிசம். முன் ஹோலில கட்டில் கிடக்கு. பின்னேரம் வெயில் தாழப் போகட்டும். என்னோட கதைக்கத் தேவையில்லை. நானும் கதைக்கமாட்டன். நான் பின்னுக்குக் குசினிக்க இருப்பன்.”

உப்பில்லாமல் சமைக்கவேண்டுமா என்றும் கேட்கச் சொன்னா.

அவ இதைச் சொல்லிவிட்டு உடனே அறைக்குள் போய்விட்டா, நான் ஏதும் கேட்டுவிடுவேன் என்று. நான் கேட்கவில்லை. நீர் உங்கள் அம்மாவை வற்புறுத்தவேண்டாம். வந்தால் வரட்டும்.

கஜந்தி அக்கா


மூதூர்
10.03.2024

அக்கா,

நான் உங்கள் கடிதத்தில் பெரியம்மா சொன்ன பகுதியை மட்டும் அம்மாவுக்கு வாசித்தேன். நேற்றுக் காலை நான் மூதூருக்கு வெளிக்கிடும்போதுதான் சொன்னா: “போறன். ஓம், உப்பில்லாமல்தான். தலைகாணி என்ரையைக் கொண்டுபோறன் எண்டு சொல்லு.”

செவ்வாய் பதினொரு மணிபோல முடியும். ஒன்று சொல்லவேண்டும். கேற் பூட்டியிருந்தால் அம்மா தட்டமாட்டா, கூப்பிடவும் மாட்டா, திரும்பி பஸ்ஸுக்குப் போய்விடுவா. அவ அப்படியான ஆள். பத்தரைக்கே கேற்றைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

கிருஷாந்த்